பார்த்தது ஒரு பக்கம், நினைத்தது ஒரு பக்கம்

முதியோர் கல்வி விழாவுக்குத் தலைமை தாங்கும் பெரியவர் கோதண்டபாணி ஐயா அவர்களே, நாற்பது வயதில் எங்களுக்கு நாலெழுத்து ஊட்டிய ஜெயம் டீச்சர் அவர்களே, திண்டிவனத்துப் பெரியோர்களே, மல்லாட்டைச் செடியில் கடலை ஆய்வதை விட்டுவிட்டு லாரி ஏறி வந்த எங்கள் தெருத் தாய்மார்களே, மைக்கைக் கண்டு நடுங்கும் அஞ்சம்மாளின் வணக்கம்!

யாரது, "சத்தமா பேசு" என்பது? லட்சுமியம்மாளா? குழாயடியில் கேட்ட சத்தம் போதாதா, அக்கா?

டீச்சர் எழுத மட்டுமா கற்றுக்கொடுத்தார்? யோசிக்கவும் அல்லவா கற்றுக்கொடுத்தார்! நோட்டின் நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம் பார்த்தது. அந்தப் பக்கம் நினைத்தது. சவுரியம்மாள் எழுதினாள். பார்த்தது: கோழியைக் காணோம். நினைத்தது: பக்கத்து வீட்டுக் குழம்பு! சிரிக்காதீர்கள், மூன்று வாரம் கழித்துக் குஞ்சுகளோடு வந்து நின்றது அந்தக் கோழி.

அப்புறம் என் முறை. தையில் வீரம்மாள் என் வீட்டுக்கு மருமகளாக வந்தாள். பதினோராம் நாள் என் வீட்டுக்காரர் கண்ணை மூடினார். "அவ கால் வச்ச நேரம், என் தாலி போச்சு" என்று தெருத் தெருவாகச் சொன்னேன். அந்தப் பெண் அழுதுகொண்டே விக்கிரவாண்டித் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அதையே எழுதினேன், பார்த்தது பக்கத்தில்!

டீச்சர் கோபிக்கவில்லை.

"அஞ்சம்மாக்கா, உங்க வீட்டுக்காரருக்கு இருமல் எப்ப வந்துச்சு?"

"ஆடியில."

"ரத்தம்?"

"ஐப்பசியில. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு கெஞ்சினேன். பீடி புடிச்சிக்கினு சிரிச்சாரு அந்த மனுசன்."

"மாசம் போட்டு எழுதுங்க."

எழுதினேன், அழுதேன், எழுதினேன். ஆடியில் இருமல், ஐப்பசியில் ரத்தம், மார்கழியில் படுத்த படுக்கை. மருமகள் வந்த தை அதற்கெல்லாம் பிறகுதான் வந்தது, தாய்மார்களே! வாசலே மிதிக்காத கால் வியாதியைக் கொண்டுவருமா? மிதித்த கால்தான் உயிரைக் கொண்டுபோகுமா? அந்த வரியை அடித்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம், நினைத்தது பக்கத்தில் எழுதினேன். மனசு நிமிர்ந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் விக்கிரவாண்டி போய் வீரம்மாளிடம் நோட்டை நீட்டினேன். படித்துவிட்டுக் கேட்டாள்: "நீங்க மாத்தி எழுதிட்டீங்க அத்தே. தெரு எப்ப மாத்திக்கும்?"

நியாயமான கேள்விதானே? அதனால்தான் அவளை இந்த விழாவுக்கு வரச் சொன்னேன். அதோ, பெண்கள் வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். தெருவும் இங்கேதான் இருக்கிறது. என் வாய் விதைத்ததை என் வாயே பிடுங்குகிறது, கேளுங்கள்: என் மருமகள் கால் வைத்ததால் யாரும் சாகவில்லை! இனி எவர் சொன்னாலும், "எங்க பார்த்தே?" என்று கேளுங்கள்!

வீரம்மா, சபையறியக் கூப்பிடுகிறேன். வூட்டுக்கு வா தாயீ.

எழுந்துவிட்டாள்! கைதட்டல் அவளுக்குப் போகட்டும். கேட்ட காதுகளுக்கும், கோடு போடச் சொன்ன டீச்சருக்கும் நன்றி. ஐயா, மன்னிக்க வேண்டும், நாங்கள் இரண்டு பேரும் பஸ் பிடிக்க வேண்டும். வணக்கம்!