எல்லாம் வலக்கை

இல்ல நஸ்லியா, கதிர வேணாம் புள்ள. ரெண்டு பஸ் மாறி வந்ததுல, குந்திக் குந்தியே இடுப்பு விட்டுப் போச்சி. நிண்டே கதைக்கிறன். நீ பாட்டுக்குத் தையி.

ஓம், தனியத்தான் வந்தன். ஸம்றா நானும் வாறன் எண்டா, நான்தான் வேணாமெண்டன். சாய்ந்தமருதுல நம்மட தையல் வகுப்பு இண்டைக்கு அவட தலையில. றிம்சானுக்கும் தெரியும் நான் உன்னட்ட வந்த விசயம்.

இது ஆர்ட சல்வார்? கழுத்து மாஷா அல்லாஹ் வடிவா வந்திரிக்கி. இஞ்ச மட்டும் கொஞ்சம் இழுக்குது, இந்தத் தோள் முட்டுல... இல்ல, விடு, விடு. நான் பிழை பாக்க வரல்ல. என்ட கை சும்மா இரிக்குதில்ல, கண்டதையும் தொடுது. வருசக்கணக்கா மத்தவங்க தைச்சதப் பிரிச்சிப் பிரிச்சே பழகிப்போச்சி.

சுபைறா மாமி! தேத்தண்ணி ஒண்டும் வேணாம் மாமி! கேக்கமாட்டா உன்ட உம்மா. சரி, ஊத்தட்டும்.

வரக்குள்ள பாத்தன், குளத்தடியில வேலி முறிஞ்சி கிடக்கு. யானையா? உன்ட வாப்பாட வயலுக்குள்ளயும் இறங்கினதா? ஓ... ரெண்டு வரவை நெல்லுதானே போச்சி, அல்லாஹ் மிச்சத்தக் காப்பாத்தினான்.

நீ என்னோட முகம் குடுத்துக் கதைக்கமாட்டாய் எண்டு தெரிஞ்சிதான் வந்தன். நாம கண்டு ஒண்டரை வருசம் இரிக்குமா? இரிக்கும். நடுவுல ஒரு நோன்பும் வந்து போயிட்டு.

நாங்க தையல் வகுப்பும் கடையும் தொடங்கக்குள்ள ஊர்ல என்ன கதை கதைச்சாங்க எண்டு உனக்குத் தெரியும்தானே. நான், ஸம்றா, றிம்சான், மூணு பேர்ல ஒருத்தருக்கும் முப்பது வயசு ஆகல்ல. றிம்சான்ட வாப்பா அரிசி அடுக்கி வெச்சிருந்த அறையத் தந்தாரு. ஆறு மெசின். பொம்புளப் புள்ளையளுக்குத் தையல் படிப்பிச்சாக் காணாதா, வியாபாரம் என்னத்துக்கு எண்டு கேட்டாங்க. இதுகள் மூணும் ஆறு மாசத்துல கடையப் பூட்டும் எண்டாங்க. பள்ளிவாசலடியில றிம்சானப் பாத்துச் சிரிச்சாங்க. அதனால, புள்ள, எங்களுக்கு ஒரு பிழையும் விட ஏலாது. அப்பிடித்தான் நான் நினைச்சிருந்தன். ஒரே ஒரு பிழை விட்டாலும் முடிஞ்சி எண்டு.

உன்னப் பத்தி ஸம்றாட்ட ஒண்டு சொன்னன், தெரியுமா? நீ எங்கள்ட்டப் படிக்கக்குள்ள, அந்தப் போன் பாடம் நடந்த நாள். கல்முனைக் கடைக்கு எடுத்து நூல் விலையக் குறைச்சிக் கேளுங்க எண்டு றிம்சான் ஆளாளுக்குப் போனக் குடுத்தான். எல்லாளும் சிரிச்சிச் சிரிச்சிக் கட் பண்ணினாளுகள். நீ சுவர்ப் பக்கம் கிறுகி நிண்டு, முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டு, பெட்டிக்கு இருவது ரூவா குறைச்சிப்போட்ட. நீங்க எந்தக் கட எண்டு அந்த மனிசன் கேக்க, இன்னும் திறக்கல்ல எண்டு சொன்னாய். நான் ஸம்றாட்டச் சொன்னன், இவ ஒரு நாளைக்கு நம்மள விட்டுட்டுப் போய்ப் பெரிசா ஒண்டு செய்வா எண்டு.

நீ போனாய்தான். போன விதம்தான் சரியில்ல.

வாங்க மாமி. தாங்க. நீங்க உள்ளுக்குப் போகாதீங்க, இரிங்க. உங்களுக்கும் தெரியணும். இவ உங்கள்ட்டச் சொல்லியிரிக்கமாட்டா. சொன்னவளா? நினைச்சன். ஒண்டுமே சொல்லியிரிக்கமாட்டா.

அது எங்கட முதல் பெரிய ஓடர் மாமி. ஒரு மத்ரஸாப் புள்ளையளுக்கு நாப்பது அபாயா, பெருநாளைக்கு முந்திக் குடுக்கணும். துணி ஒரு பக்கம் மினுங்கும், மத்தப் பக்கம் மங்கல். அப்பிடித் துணிய ரெண்டா மடிச்சிப் போட்டுத்தான் அபாயாட கை வெட்டணும். மடிச்சி வெட்டினா ஒரு வலக்கை, ஒரு இடக்கை, சோடி சோடியா வரும். விரிச்சி அடுக்கி வெட்டினா எல்லாம் ஒரே பக்கத்துக் கைதான். அண்டைக்கு விரிச்சித்தான் கிடந்திச்சி. எண்பது கையும் வலக்கை. திருப்பிப் போட்டுத் தைக்கவும் ஏலாது, மங்கல் பக்கம் வெளிய தெரியும்.

துணிய விரிச்சிக் கோடு கீறினது நான். கத்திரி பிடிச்சது இவ.

மத்ரஸா மௌலவி அண்டைக்கெண்டு பாத்து வந்துட்டாரு. ரெண்டு கைய எடுத்து, ஒண்டுக்கு மேல ஒண்ட வெச்சி, மறுகா மத்தப் பக்கம் புரட்டி வெச்சிப் பாத்தாரு. இதென்ன எண்டாரு. ஏசவுமில்ல, சத்தம் போடவுமில்ல. நான் யோசிக்கவேயில்ல மாமி, அல்லாஹ்வுக்குத் தெரியும், வாய் தன்ட பாட்டுல சொல்லிச்சி: புதுப் புள்ள, கவனமில்லாம வெட்டிப்போட்டா எண்டு.

இவ கத்திரிய மேசையில வெச்சா. எறியல்ல, மெல்லமா வெச்சா. கைய உடுப்புல துடைச்சிட்டு பேக்க எடுத்தா. அடுத்த நாள் வரல்ல.

நான் கூப்பிட ஆள் அனுப்பவுமில்ல. வெட்டினவதானே பாத்திரிக்கணும் எண்டு றிம்சான் சொன்னான், நான் ஓம் எண்டன். ஸம்றாதான் விடல்ல. நஸ்லியா கேக்காம ஒரு நூலக் கூட வெட்டமாட்டாளே, உன்னட்ட ஒண்டும் கேக்கல்லயா எண்டா. இல்ல எண்டன். அவ கேக்கல்ல எண்டன். ரெண்டு தரம் சொன்னன்.

வேற துணி எடுத்து, ஒம்பது நாள் சுணங்கி, பெருநாளைக்கு முதல் நாள் குடுத்து முடிச்சம். மௌலவி எண்ணிப் பாத்து எடுத்துட்டுப் போனாரு. கட பூட்டல்ல. இப்ப பதினாலு மெசின் ஓடுது.

உனக்கு என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியாது நஸ்லியா, வல்லாஹி தெரியாது. போன மாசம்தான் உன்ட ஊர், இறக்காமத்து மனிசி ஒண்டு கடைக்கு வந்து சொல்லிச்சி. நாப்பது அபாயாவப் பழுதாக்கின புள்ள எண்டு இஞ்ச வரைக்கும் கதை வந்திரிக்கி. உனக்கு ஒருத்தரும் தைக்கப் புதுத்துணி தரல்லயாம். கிழிசல் தைக்கத்தான் தந்தாங்களாம், தலாணி உறையும். ஒரு வருசம். இந்தக் கழுத்து வெட்டுற கையால தலாணி உறை.

அப்பவும் நான் வரல்ல பாரு. அதையும் சொல்லத்தானே வேணும். கேட்டுட்டு, அந்த மனிசிக்கு அளவெடுத்துட்டு, சோறு தின்னப் போயிட்டன்.

போன கிழமைதான்... இந்த ஜன்னலக் கொஞ்சம் திறக்கவா? காத்தே இல்ல. சரி.

பாண்டிருப்புல இருந்து தர்சினி எண்டு ஒரு புள்ள வருது, மூணு மாசம். ஸ்கூல் சட்டைக்கு நான் கோடு கீறிக் குடுத்தன். நெஞ்சளவ இடுப்புல போட்டுட்டன். அந்தப் புள்ள அத வடிவாப் பாத்திரிக்கி. பாத்துட்டும் வெட்டிட்டு. பிழையெண்டு தெரிஞ்சா ஏன் வெட்டின, வாய் இல்லயா, கேக்கத் தெரியாதா எண்டு கத்தினன். தலயக் குனிஞ்சிக்கிட்டு நிண்டிச்சி. மறுகா சொல்லுது, இஞ்ச கேள்வி கேக்கப்படாதாம் மிஸ், முந்தி உங்கள்ட்டக் கேட்ட ஒரு அக்காவத்தான் நீங்க அனுப்பிப் போட்டீங்களாம்.

நான் மத்தப் புள்ளையளப் பாத்தன். ஒருத்தியும் என்னப் பாக்கல்ல. நீ இருந்த நேரம் இருந்தவளுகள் இன்னும் ஏழு பேர் இரிக்காளுகள். ஏழு பேரும் மெசினப் பாத்துக்கிட்டு இரிக்காளுகள்.

யோசிச்சிப் பாரு. ஒண்டரை வருசமா நான் அவளுகளுக்குப் படிப்பிச்சிக்கிட்டு இரிக்கன். தைரியமாக் கதையுங்க, சொந்தக் காலுல நில்லுங்க, வாடிக்கையாளர்ட முகத்தப் பாத்து உண்மையச் சொல்லுங்க எண்டு. அவளுகள் ஓம் ராத்தா, ஓம் ராத்தா எண்டு எழுதுறாளுகள். எல்லாளுக்கும் தெரியும். நான் எப்பிடிக் கீறினாலும் வெட்டிப்போட்டு வாயப் பொத்திக்கிட்டு இருக்கத்தான் அவளுகள் என்னட்டப் படிச்சிரிக்காளுகள்.

நேத்து எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னன். றிம்சானும் இருந்தான், ஸம்றாவும் இருந்தா. றிம்சான் எழும்பிப் போய் வாசல்ல நிண்டான். இண்டைக்குக் காலம மௌலவிட வீட்டுக்குப் போய் அவர்ட்டயும் சொன்னன். தாடியத் தடவினாரு. அந்தப் புள்ளட்டச் சொன்னீங்களா எண்டாரு. இல்ல எண்டன். அப்ப என்னட்ட என்னத்துக்கு முதல் வந்தீங்க எண்டுட்டு உள்ளுக்குப் போயிட்டாரு.

பாரு, சொன்னன் சொன்னன் எண்டுறன், என்ன சொன்னன் எண்டு இன்னும் வாயால வருதில்ல. தேத்தண்ணியும் ஆறிப்போச்சி.

உன்னத் திரும்பி வா எண்டு கூப்பிட வரல்ல. வந்தா, கத்திரி மேசை உனக்குத்தான், புள்ளையளுக்கு வெட்டுப் படிப்பிக்கிறது நீதான், அது வேற கதை. மன்னிச்சாலும் சரி, மன்னிக்காட்டிலும் சரி. இஞ்ச ஊர்ல ஆர் ஆர்ட்டப் போய்ச் சொல்லணும் எண்டு சொல்லு, வீடு வீடாப் போறன்.

அண்டைக்கு நான் போன்ல இருந்தன் மாமி. வேற ஒரு ஆளோட, எங்களுக்கு நாப்பது அபாயா ஓடர் வந்திரிக்கி எண்டு பெருமையடிச்சிக்கிட்டு. இவ கத்திரியோட பக்கத்துல வந்து நிண்டு, ராத்தா, துணி மடிக்காமக் கிடக்கு, மடிச்சிப் போடவா எண்டா. வெட்டு எண்டு நான் கையால காட்டினன். திரும்பியும் கேட்டா.

ஓம் மாமி. உங்கட மகள் கேட்டவ, ரெண்டு தரம். எனக்கு நல்லாக் கேட்டிச்சி.