அக்கா வீட்டு உதாரணங்கள்

ஹலோ... ம், நான்தான்... ஆமா, ஆமா, விடாம கூப்பிட்டேன். கிளாஸ் எடுத்துட்டு இருந்தியா? இப்ப முடிஞ்சுதா?... இல்ல, யாருக்கும் ஒண்ணும் ஆகல. லேப் பின்பக்கம் மாடிப்படியில நிக்கிறேன். கையெல்லாம் மாவு... பல்லுக்கு அச்சு எடுக்கிற மாவுடி, வேறென்ன. ஒரு டாக்டர் அவசரமா பல் செட் கேட்டிருக்கார், அதைப் பாதியில வச்சிட்டு வந்திருக்கேன்.

அதை விடு. இன்னைக்குக் காலையில உன் வாட்ஸப் குரூப்புக்கு என்ன பாடம் பேசி அனுப்பினே?... சும்மாதான் கேக்கறேன்... ஏன், அக்கா இங்கிலீஷ் கத்துக்கக் கூடாதா?... ம்... ம்... ஃப்ரேசல் வெர்ப். அப்படின்னா?... ஓஹோ. ரெண்டு மூணு சின்ன வார்த்தை ஒண்ணா சேந்துக்கிட்டா புதுசா ஒரு அர்த்தம். தனித்தனியா பாத்தா பிடிபடாது... நல்லா புரியுது. இன்னைக்கு எது?... வாக் அவுட் ஆன். அதுக்கு அர்த்தம்?... நம்பி இருக்கறவங்களை அம்போன்னு விட்டுட்டுப் போறது. சரி, சரி. அதுக்கு ஒரு உதாரணம் சொல்லு...

ஏன் நிறுத்திட்டே?... லைன்ல இருக்கே இல்ல?... அப்ப சொல்லேன். அத்தனை பேருக்கும் சொன்னே, எனக்குச் சொல்ல என்ன?

சரி, நான் சொல்றேன். எனக்கு நாக்கு திரும்பாது, ஆனா இது மனப்பாடம் ஆயிடுச்சு. "ஹி வாக்ட் அவுட் ஆன் ஹிஸ் வைஃப் வித் அ பேக் ஆஃப் வெட் க்ளோத்ஸ்." ஒரு பை ஈரத் துணியோட பொண்டாட்டியை விட்டுட்டுப் போயிட்டான். சரியா இருக்கா டீச்சர்?

யார் சொன்னாங்களா? நீதான் சொன்னே. பக்கத்து மேஜையில சுருட்டை முடிக்காரி ஒருத்தி இருக்கா இல்ல, அவ ரிசப்ஷனுக்கு மாறணும்னு உன்கிட்ட படிக்கிறாளே... ஆமா, நான்தான் சேத்துவிட்டேன். என் தங்கச்சி மாதிரி யாராலயும் சொல்லிக் குடுக்க முடியாதுன்னு பீத்திக்கிட்டேன். அவ தினமும் காதுல மாட்டிக்கிட்டுத்தான் கேப்பா. இன்னைக்கு ஒயர் பிடுங்கிக்கிச்சு. லேப் முழுக்க நீ பேசறே... இரு, நான் பேசி முடிக்கிறேன். நீ முடிச்சதும் உன் ஆளுங்க ஒவ்வொருத்தரா அதையே திருப்பிச் சொல்றாங்க. ஒருத்தர் பஸ்ல தொங்கிக்கிட்டு, பின்னால ஹாரன். ஒரு அம்மா வாயில பிரஷ்ஷோட. என் புருஷன் என்னை விட்டுட்டுப் போனதை வச்சு ஊரே உச்சரிப்பு பழகுது. நான் மெழுகை உருக்கிக்கிட்டே கேட்டுட்டு உக்காந்திருக்கேன்.

பேர் சொல்லல, பேர் சொல்லலன்னு அதையே சொல்லாதே. வாஷிங் மெஷின் ஓடி முடியற வரைக்கும் பொறுமையா உக்காந்திருந்து, தன் துணியை மட்டும் பொறுக்கி எடுத்துக்கிட்டுப் போனவன் வேற எவன்டி இருக்கான்? அப்படி ஒருத்தனைப் பாத்திருக்கியா நீ?

ம்... ம்... தெரியும். உன் கொள்கை எனக்கும் தெரியும். புத்தகத்து வாக்கியம் மண்டையில நிக்காது, வீட்ல நடந்ததைச் சொன்னாத்தான் நிக்கும். அப்ப உன் வீட்ல நடந்ததைச் சொல்லேன். உன் வீட்டுக்காரர் விடற குறட்டைக்கு ஒரு வெர்ப் கூடவா கிடைக்கல?

இல்ல, சிரிக்கல. சிரிக்கிறேன்னு நினைச்சுக்காதே.

இதோ பார், இது ஒண்ணு மட்டும்தான்னு பொய் சொல்லாதே. சாப்பாட்டு நேரத்துல சுருட்டைகிட்ட போனை வாங்கி நீ பேசின பாடம் எல்லாத்தையும் கேட்டுட்டேன். அவகிட்டயே அர்த்தமும் கேட்டுக்கிட்டேன். நேத்து பிரேக் டவுன். சோப்புக் கடையில அவர் போடற சோப்பைப் பாத்து உடைஞ்சுபோய் அழுதவ யாரு? நான். முந்தாநாள் டர்ன் டவுன். திரும்பி வாங்கன்னு கெஞ்சி, முடியாதுன்னு சொல்லக் கேட்டவ யாரு? அதுவும் நான். அதுக்கு முன்னாடி கவர் அப். அக்கம்பக்கத்துல எல்லாத்தையும் மூடி மறைச்சவ... ம். நான்தான்.

இதெல்லாம் உன்கிட்ட மட்டும் சொன்னது. அம்மாகிட்ட கூட சொல்லல. நீ ஃபோன்ல எவ்வளவு பரிவா கேட்டே. அப்புறம் என்ன ஆச்சுக்கா, அதுக்கு அவர் என்ன சொன்னார்க்கா, நீ என்ன பண்ணேக்கான்னு. தங்கச்சி என் மேல உயிரையே வச்சிருக்கான்னு நினைச்சேன். ம், ம்னு கேட்டுக்கிட்டே அந்தப் பக்கம் பாடம் தயார் பண்ணிட்டு இருந்திருக்கே... அழாதே. நீ அழுதா நான் சமாதானம் பண்ணணும், என்னால இன்னைக்கு முடியாது. அவன் போனான், சரி, அவன் புத்தி அப்படி. நீ என் கூடப் பொறந்தவடி.

சரி, அதெல்லாம் அப்புறம். இப்ப நான் கூப்பிட்டது சண்டை போட இல்ல. பாப்பாவும் அந்த குரூப்ல இருக்கா இல்ல, என் பழைய ஃபோன்ல?... அதான். அவ ஸ்கூல் விட்டு வந்து கேக்கறதுக்குள்ள அதை அழிச்சிடு. இப்பவே அழி, நான் லைன்லயே இருக்கேன்.

அவளுக்கு எப்படிப் புரியுமா? அன்னைக்கு என்கூட நின்னு துணி காயப்போட்டது அவதானே. அப்பா சட்டை ஒண்ணு கூட இல்லையேம்மான்னு கேட்டா. கப்பல்ல வேலை கிடைச்சிடுச்சு, அவசரமா கூப்பிட்டாங்க, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டார்னு சமாளிச்சேன். அதுலேர்ந்து கப்பல் ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். நீ குளிக்கப் போனப்ப அப்பா பேசினார், நீ விளையாடப் போனப்ப அப்பா பேசினார், கணக்குல என்ன மார்க்குன்னு கேட்டார்... நேத்து கூட சொன்னேன். கடல் ரொம்ப ஆட்டமா இருக்காம், அதான் லைன் விட்டு விட்டு வந்துச்சுன்னு. அவளும் அப்பா மருந்து சாப்பிட்டாரான்னு கேட்டா. அந்தக் குழந்தை நம்பிக்கிட்டு இருக்குடி. அவளுக்கு நானே சொல்லணும், நேரம் பாத்து, பக்கத்துல உக்காத்தி வச்சு சொல்லணும். உன் பாடத்துல கேட்டுத் தெரிஞ்சுக்கக் கூடாது.

அழிச்சிட்டியா?... என்ன, ம்?... என்ன சொல்ல வர்றே, முழுசா சொல்லு... காலையிலேயேவா?... நான் வேலைக்குக் கிளம்பினதுக்கு அப்புறமா?... கேட்டுட்டாளா.

கேட்டுட்டு?... பதில் பேசி அனுப்பினாளா? அவளா?... சுருட்டை ஃபோன்ல நான் அவ்வளவு தூரம் போகலையே, நாலஞ்சு குரலுக்கு மேல என்னால கேக்க முடியல... என்ன சொல்லியிருக்கா?... சொந்த வாக்கியம் வேறயா?... இல்ல, நீ சொல்லாதே. அவ குரலைப் போடு... போடுன்னா போடு. ஸ்பீக்கர்கிட்ட வை.

...

இன்னொரு தடவை போடு.

...

முதல்ல உன் வாக்கியத்தைத் திருப்பிச் சொல்றா. தடுமாறவே இல்ல. அப்புறம் என்னமோ மை மதர்னு... "மை மதர் மேக்ஸ் அப் ஹிஸ் ஃபோன் கால்ஸ்." ம், மேக் அப் புரியுது, இல்லாததைக் கட்டிச் சொல்றது. அப்பா பேசினார்னு அம்மா கட்டிக் கட்டிச் சொல்றாங்க. அதுக்கு அடுத்தது?... ஐ ப்ளே அலாங். அப்படின்னா?... தெரிஞ்சும் தெரியாத மாதிரி கூடவே நடிக்கிறதா.

நடிச்சிருக்கா.

மருந்து சாப்பிட்டாரான்னு கேட்டாளே அது...

இல்ல, இங்கதான் இருக்கேன். படியில உக்காந்துட்டேன்... தண்ணியெல்லாம் வேணாம்... ஏன்டி, இதைக் காலையிலேயே கேட்டிருக்கே. உடனே என்னைக் கூப்பிடணும்னு தோணலையா? அக்கா, உன் பொண்ணுக்கு எல்லாம் தெரியும்னு ஒரு வார்த்தை?... கிளாஸ் இருந்துச்சு. சரி. அவளுக்கு என்ன பதில் போட்டே?... ஏதாவது போட்டிருப்பே இல்ல, எல்லாருக்கும் போடுவியே... மழுப்பாதே. என்ன போட்டே?

வெரி குட்னு போட்டியா.

அப்பாவைத் தொலைச்சிட்டு நிக்கிற குழந்தை அது. அம்மாவுக்காக ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்கேன்னு சித்திகிட்ட சொல்லுது. நீ அதுக்கு வெரி குட் போட்டிருக்கே... பழக்கத்துல வந்துடுச்சா. ஆமா, ஆமா, உனக்கு எல்லாமே பழக்கத்துல வந்துடும்.

இரு... வேற கால் வருது... வீட்லேர்ந்து. அவதான், வந்துட்டா... இல்ல, நீ அவளைக் கூப்பிடாதே, நீ பேசாதே. அவகிட்ட என்ன சொல்லணும்னு எனக்குச் சொல்லிக் குடுக்கவும் வேணாம். உன்கிட்ட கத்துக்கிட்டது போதும்... வரவும் வராதே. கொஞ்ச நாளைக்கு என் வீட்டுப் பக்கமே வராதே. வைக்கிறேன்.

ஹலோ... ம், அம்மாதான் கண்ணு. வந்துட்டியா?... பால் அடுப்பு மேல இருக்கு பார்... இல்ல, ஜலதோஷம், அதான் குரல் அப்படி இருக்கு... இல்ல. ஜலதோஷம் இல்ல... ம்?... அப்பாவா?... இல்லம்மா. இன்னைக்குப் பேசல.

நேத்தும் பேசல.