தகட்டில் இருந்த எட்டு

பழைய மொரிஸ் மைனர் கார் எஞ்சின் வாங்கப் போகிறவர், முதலில் மண்ணெண்ணெயில் நனைத்த துணியொன்றைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். விற்கிறவன் என்ன கதை வேண்டுமானாலும் அளப்பான். எஞ்சின் பக்கத்தில் பூட்டிய தகட்டைத் துடைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். முதல் எண் எஞ்சினின் அளவு. அடுத்த எழுத்து வண்டியின் வம்சம். கடைசி எழுத்து 'எச்' என்றால் நல்ல பெட்ரோல் கேட்டு அடம்பிடிக்கும். 'எல்' என்றால் ஊற்றியதைக் குடித்துவிட்டு ஓடும். அதற்குப் பிறகு வருவது அந்த எஞ்சினுக்கு மட்டுமே உரிய எண். பதுளை பஸாரில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்த எனக்கு இதெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. தோட்டத்துத் துரைமார்கூட இந்த ஸமீமைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன்.

பொலிஸ் ஐயா கேட்பது அறுபத்தாறாம் வருஷத்து விஷயம். வாடகைக் கார் ஓட்டிய தம்பையாவை நமுனுகுல பாதையில் யாரோ அடித்துக் கொன்று, காரின் எஞ்சினையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அதன் எண் எட்டில் முடியும் என்று பதிவுப் புத்தகம் சொன்னது. ஸ்பிரிங்வெளி தோட்டத்து வடிவேலும் அதே மாதம்தான் தன் காருக்குப் பழைய எஞ்சின் ஒன்று பூட்டியிருந்தான். எங்கே வாங்கினாய் என்றால் காட்ட ஒரு ரசீதுத் துண்டு இல்லை. பொலிஸார் காரை ஸ்டேஷன் முற்றத்தில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

சரஸ்வதி பூசை முடிந்த வாரம் அது. வடிவேல் எஞ்சின் தகட்டிலும் சந்தனம், குங்குமம் அப்பி வைத்திருந்தான். இன்னொருவர் சாமிக்கு வைத்த பொட்டை நான் அழிப்பது மரியாதையில்லை. துடைக்காமலே குனிந்து வாசித்தேன். இரண்டும் ஒரே கப்பலில் வந்தவை போலும், மற்ற எண்கள் எல்லாம் ஒத்துப்போயின. கடைசி எண் எட்டு என்றேன். முற்றத்தில் பாதி பஸார் நின்றது. இன்ஸ்பெக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மறுநாள் வடிவேலின் மனைவி பூவம்மா கடைக்கு வந்தாள்.

"மொதலாளி, அந்தப் பொட்டத் தொடச்சிட்டு இன்னொருக்கா பாருங்க. அது மூணுன்னு அவரு சத்தியம் பண்றாரு. எட்டுன்னா அவர தூக்குல போட்டுருவாங்க."

பார்க்கிறேன் என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். ஸ்டேஷனுக்குப் போய்த் துடைத்தேன். மூன்றின் வாயைக் காய்ந்த சந்தனம் அடைத்து எட்டாகக் காட்டியிருந்தது. காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் தேத்தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். வந்ததும் சொல்லியிருக்கலாம். ஆனால் பஸாரின் வாயை யார் மூடுவது? ஸமீம் நானாவுக்குக் கண் மங்கிவிட்டது, வேறு ஆளைப் பாருங்கள் என்பார்கள்.

பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். என் மனைவி றஷீனா நெத்தலி பொரித்திருந்தாள். இரண்டாவது தடவையும் சோறு போட்டுக்கொண்டேன். பிறகு கடையில் நம்பர் அடிக்கிற பஞ்ச் பெட்டியைத் திறந்து, எட்டு அச்சை மட்டும் ஒரு சின்னச் சுத்தியலோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். எண்ணை இன்னொரு தடவை சரிபார்க்க வேண்டும் என்றதும் கான்ஸ்டபிள் நான் உட்காரக் கதிரை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனான். மூன்றை எட்டாக்குவது சுலபம். எட்டை மூன்றாக்க எவனாலும் முடியாது. மேலே வைத்து ஒரே அடி, கோணாமல் விழுந்தது. கொஞ்சம் கறுப்பு எண்ணெய் தடவிவிட்டேன்.

துடைத்துப் பார்த்தேன், எட்டுதான் என்று பூவம்மாவிடம் சொன்னேன். கோர்ட்டில் நீதிபதி தாமே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். அறுபத்தெட்டில் வடிவேலைத் தூக்கிலிட்டார்கள். எனக்கும் மனவருத்தம்தான். அவனைப்போல் வளைவுகளில் பதமாக வண்டி ஓட்டியவர்கள் குறைவு.

இப்போது மொனராகலையில் தண்ணீர் இறைக்கும் எஞ்சின் ஒன்றில் அதே எண் இருக்கிறது, ஒரே எண்ணில் இரண்டு எஞ்சின் எப்படி என்று கேட்கிறீர்கள். அதுதான் தம்பையாவுடையது. வடிவேலுடையதில் எட்டை அடித்தவன் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள் ஐயா. கோர்ட்டில் நான் எட்டு என்று சாட்சி சொன்ன நேரத்தில், அந்தத் தகட்டில் எட்டுதான் இருந்தது. ஸமீம் பிழையாக வாசித்தான் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.