நான்கு இழுப்பு

பழைய ரப்பர் குழாய்க்குத் தேங்காய் எண்ணெய் ஆகாது மேடம். நேற்று உங்கள் ஏட்டு நல்ல எண்ணத்தோடுதான் தடவிக்கொண்டிருந்தார். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி வெடித்துவிடும். முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவி, நிழலில் தொங்கவிட வேண்டும். தண்ணீரில் முங்குகிற அந்தப் பழைய செட்டை ஏலத்தில் எடுத்த நாளிலிருந்து நான் அப்படித்தான் வைத்திருந்தேன். உங்களுக்கு அது சாட்சிப் பொருள். எனக்கு அது வெயிலில் கிடப்பதைப் பார்த்தால் மனது பொறுக்கவில்லை.

சுரங்கத் தண்ணீரை இறைக்கிற பம்புகள் இரும்பு மிதவைமேல் நிற்கும். அடியில் சேறு அடைத்தால் ஆள் முங்கித்தான் எடுக்க வேண்டும். நானும் சிவப்பிரகாசமும் அந்த வேலைக்கு ஒரே நாளில் சேர்ந்தோம். அவர் முங்குவார், நான் மேலே கயிறு பிடிப்பேன். இருபத்தாறு வருடம். தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். உள்ளே போனவருக்குத் தன் கையே தெரியாது. தலைக்குமேல் மிதவை மூடியிருக்கும். வெளியே வர கயிறுதான் வழி. ஒரு இழுப்பு என்றால் ‘இருக்கிறேன்’. நான்கு இழுப்பு என்றால் ‘தூக்கு’.

அந்தக் கால சிலிண்டரில் காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் முள் கிடையாது. பக்கவாட்டில் ஒரு பிடி இருக்கும், அவ்வளவுதான். அது மேலே நின்றால், காற்று தீரப்போகும் நேரத்தில் மூச்சு இறுகும். அப்போது பிடியைக் கீழே இழுத்தால் ஒதுக்கி வைத்த காற்று வரும். ஐந்து நிமிடம் தாங்கும். காற்று நிரப்பும்போது பிடியைக் கீழே வைத்து, நிரப்பியதும் மேலே தூக்கிவிட வேண்டும். மறந்தால், ஒதுக்கிய காற்றும் சொல்லாமல் கொள்ளாமல் தீர்ந்துவிடும். முதுகில் மாட்டியவருக்குப் பிடி தெரியாது. அதனால் இறங்குமுன் அவர் “மேலயா?” என்று கேட்பார். நான் தொட்டுப் பார்த்து “மேல” என்பேன். சிலிண்டரில் இரண்டு தட்டு தட்டுவேன். அவர் போய்விடுவார்.

ஓய்வு பெற்றபின் அவர் அதே வேலையைத் தனியாரிடம் கான்ட்ராக்டில் எடுத்தார். நானும் கூடவே போனேன். மூன்று வருடத்துக்கு முன் புது செட் வாங்கினார். வீட்டுக்கு வந்து காட்டிவிட்டு, என் தோளில் கை வைத்துச் சொன்னார்.

“இந்த வாட்ச்சே காத்து எவ்ளோ இருக்குன்னு சொல்லிடுது ராயப்பா. கயித்த புடிச்சிகினு ஒரு ஆளு வெயில்ல ஒக்காந்திருக்க வேணாம். நீ வூட்ல நிம்மதியா இரு.”

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் வலித்தது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் பழைய செட்டை இறக்கிப் பவுடர் போடுவேன். ரப்பர் குழாயின் முனையை வாயில் வைத்து மூச்சு விடுவேன். அந்தச் சத்தத்தை மேலே உட்கார்ந்து எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். சில நாள் அழுவேன்.

போன செவ்வாய்க்கிழமை, அந்தப் பழைய செட்டை மாட்டி, நான் கயிறு பிடிக்க, பழையபடி ஒரே ஒரு முறை என்று அவரிடம் கேட்டேன். சிரித்தார். “சரிய்யா, ஒன் ஆசைக்கு ஒரு தடவ” என்றார்.

மதியம் மூன்று மணி. பம்ப் ஆபரேட்டர் சுபாஷ் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தான். சிவப்பிரகாசம் மிதவை ஓரத்தில் உட்கார்ந்து, திரும்பாமல் “மேலயா?” என்றார். பிடியைத் தொட்டுப் பார்த்தேன். கீழேதான் இருந்தது. நிரப்பியபின் நான் தூக்கவில்லை. “மேல” என்றேன். இரண்டு தட்டு தட்டினேன்.

மறதி என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வீட்டம்மா மலர்கொடிகூட என் கையைப் பிடித்துக்கொண்டு, “வயசாயிடுச்சி, நீங்க இன்னாண்ணே பண்ணுவீங்க” என்றது. அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்தப் பிடியை நான் ஒரு நாளும் மறந்தவனில்லை. அதைத் திருத்தத்தான் இன்றைக்கு வந்தேன்.

அவர் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. மூச்சு இறுகும், பிடியைத் தேடுவார், அது முன்பே கீழே இருக்கும். கயிற்றை இழுப்பார். நான் தூக்குவேன். மேலே ஆள் வேண்டும் என்று தெரிந்துகொள்வார். இவ்வளவுதான் என் கணக்கு.

நாற்பதாவது நிமிடம் நான்கு இழுப்பு வந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு என் உள்ளங்கையில் அவர் கை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று இருந்தேன். கூப்பிட்டார், முன்னைவிட வேகமாக. பதிலுக்கு நான் ஒரு இழுப்பு கொடுத்தேன். இருக்கிறேன் என்று. மூன்றாவது தடவை இரண்டுதான் வந்தது. மிச்சம் இரண்டுக்காகக் காத்திருந்தேன்.

சுபாஷ் திரும்பி வரும்போதும் கயிறு என் கையில்தான் இருந்தது. அவர் தனியாகப் போகவில்லை மேடம், கடைசிவரை நான் பிடியை விடவே இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.