பாறையாக இருந்த மேகம்

அல்சூர் ஏரி ஓரமாகப் போன பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். கழுத்தில் கால் சென்டர் அட்டை.

"'கிளவுட்'னா அந்தக் காலத்து இங்கிலீஷ்ல பாறைன்னு அர்த்தம்டி," என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

"யார் சொன்னா?"

"டிக்‌ஷனரில பார்த்தேன். கஸ்டமர்கிட்ட வெதர் பத்திப் பேசுன்னு டிரெய்னர் உயிரை வாங்குறாரு. பேசலைன்னா வேலை போயிடும். எனக்கு மழைன்னா நனையத்தான் தெரியும்."

"பாறை எப்படிடி மேகமாச்சு?"

"மலை மாதிரி குவிஞ்சு நிக்குதுல்ல, அதைப் பார்த்து அந்தப் பேரையே வெச்சுட்டாங்க. நேத்து ஒரு லண்டன்காரர் இன்டர்நெட் வரலைன்னு கத்தினாரு. அங்க வானம் எப்படி இருக்குன்னு கேட்டேன். ஒரே கிளவுட்னாரு. இந்தக் கதையைச் சொன்னேன். கத்தின அதே மனுஷன், 'இரும்மா, என் மனைவியைக் கூப்பிடறேன், அவளுக்கும் சொல்லு'ன்னாரு."

"சக்கத்டி நீ, சூப்பர்!" தோழி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

ஏரிக்கு மேலே கருங்கல் நிறத்தில் மேகம் குவிந்திருந்தது. ஜன்னலோரத்துப் பெண் அண்ணாந்து பார்த்தாள்.

"நாம இறங்குறதுக்குள்ள அந்தக் கல்லு உடைஞ்சிடும் பாரு."

அதுவரை எதையும் கேட்காதவர்கள்போல இருந்த நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினோம்.