கேக் வாங்காத வெள்ளிக்கிழமை

என் பெயர் மெரெத்தே லுன்கோர். வயது நாற்பத்தொன்று. ஆர்ஹூஸ் நகரில், ஸ்கோல் தெருவில் கணவருடன் குடியிருக்கிறேன். துறைமுக நீர்க்கதவுகளுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். போலீஸார் விசாரிக்க, நான் சொல்வதாவது:

வாசகங்களைச் சேமித்து வைக்கும் நிரல்பகுதியை, அதாவது எங்கள் ஸ்ட்ரிங் கிளாஸை, எழுதியவர் சக ஊழியர் தோர்பென் ஸ்கோவ். பழைய வழக்கத்தில் பூஜ்ய எழுத்து வந்தால் வாசகம் முடிந்ததாகப் பொருள். எங்கள் கிளாஸ் நீளத்தைத் தனியாக வைத்திருப்பதால், நடுவில் பூஜ்யம் வந்தாலும் மீதி உள்ளே பத்திரமாக இருக்கும். ஆனால் திரைக்கு அனுப்பும்போது அந்த நீளத்தை அனுப்பவில்லை என்று சந்தேகப்பட்டேன். நடுவில் பூஜ்யம் வைத்து ஒரு சோதனை எழுதினேன். திரையில் பாதி வாசகம்தான் வந்தது. சோதனை தோற்றதற்கு அடையாளமான சிவப்பு விளக்கு எரிந்தது.

யாருடைய சோதனை சிவப்பாகிறதோ, அவர் வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் கேக் வாங்க வேண்டும் என்பது எங்கள் அலுவலக வழக்கம். மூன்றாவது வாரமும் சிவப்பு வந்தபோது தோர்பென், "என்ன மெரெத்தே, பேக்கரிக்காரனுக்கு நேர்ந்துகிட்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுநாள் பச்சை எரிந்தது. "சரி பண்ணிட்டேன், போ" என்றார். கிளாஸைத்தான் சரிசெய்தார் என்று நினைத்தேன்.

அதன் பிறகு, புகாரில் கண்ட துறைமுகத்தில், முக்குளிப்பவர் யெப்பே குரோக் நீர்க்கதவின் அடியில் வேலை செய்துகொண்டிருந்தார். அவருடைய படகிலிருந்து இரண்டு வரிச் செய்தி வந்தது. படகின் கருவி வரிகளுக்கு நடுவே ஒரு பூஜ்யம் வைக்கும். கதவை இயக்கும் இங்கர் எங்கள் மென்பொருளின் திரையில் பார்த்தது, 'கதவைத் திறக்கலாம்' என்ற முதல் வரியை மட்டும். 'யெப்பே மேலே வந்த பிறகு' என்ற இரண்டாவது வரி திரைக்கு வரவேயில்லை. இங்கர் திறந்தார். யெப்பே உயிரோடு வரவில்லை.

அதன் பிறகு இந்த அறையில் கணினியின் நினைவகத்தை எனக்குக் காட்டினார்கள். இரண்டாவது வரி ஓர் எழுத்தும் குறையாமல் உள்ளேயே இருந்தது. தண்ணீர் கேட்டேன். பிறகு என் சோதனையைக் காட்டினார்கள். அதில் நான் வைத்த பூஜ்யம் இல்லை. சற்று நேரம் வெளியே விட்டபோது, விசாரணைக்காக நடைபாதையில் காத்திருந்த தோர்பென் என் முகத்தைப் பார்க்காமல், "உனக்குக் கேக் செலவு வேண்டாம்னுதான் எடுத்தேன், மெரெத்தே" என்றார்.

பச்சை எரிந்த அந்த வெள்ளிக்கிழமை தோர்பெனே கேக் வாங்கி வந்தார். நான் இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மேற்கண்டவை எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. யாவும் உண்மை. எதையும் இடையில் விடவில்லை.

(ஒப்பம்) மெரெத்தே லுன்கோர்