உபவாசத்தில் நாலு இட்லி

போத்தனூரிலிருந்து கிளம்பிய டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மடியில் வேதாகமம். தேவாலயத்தில், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து என்னும் தவக்கால மாலை ஜெபத்துக்குப் போகிறவர்கள். சின்னவர் திடீரென்று சொன்னார்:

“அக்கா, நேத்து உபவாசத்துல இருந்துக்கிட்டே நாலு இட்லி தின்னுபோட்டேனுங்க.”

பெரியவர் திடுக்கிட்டுத் திரும்பினார். “ஏன் அம்மணி? ஈஸ்டர் வரைக்கும் பகல்ல தண்ணி தவிர எதுவும் தொடறதில்லைன்னு ரெண்டு பேருந்தானே பொருத்தனை பண்ணுனோம்?”

“பண்ணுனோமுங்க. ஆனா பக்கத்து ஊட்டுச் செல்விக்குப் புருஷன் தவறி ஒரு மாசமாச்சு. அடுப்பே பத்த வைக்கறதில்லீங்க. காலைல இட்லி கொண்டுபோனேன். ‘நீங்களும் உக்காந்து தின்னா நானும் தின்றேனுங்க்கா’ன்னா.”

“உபவாசம்னு சொல்லியிருக்கலாமல்ல?”

“நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சுங்க. சொன்னா அவளும் தட்டைத் தள்ளி வெச்சிருப்பா. ‘ஆண்டவரே, நீரே பாத்துக்கும்’னுட்டு உக்காந்துட்டேன். அவ ரெண்டு, நான் நாலு.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. உக்கடம் நெருங்கவும் காலடியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

“இன்னைக்குத் தின்னாளா?”

“இன்னைக்கு அவளே அடுப்பைப் பத்த வெச்சு, உப்புமாக் கிண்டி, என்னையக் கூப்புட்டாளுங்க.”

பெரியவர் வேதாகமத்தைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

“நாளைக்கு நானும் வாரேன் அம்மணி. மூணு பேருக்குக் கிண்டச் சொல்லு.”